எருவைப் புரட்டும் கை

மட்டக்களப்பு வாவியின் கரையோரத்து ஊர்களிலே மாலை வெயில் தாழ்ந்துவிட்டால் வேலிகளின் மேலாக மெல்லிய நீலப்புகை எழக் காணலாம். கல்லடியாயினும் நாவற்குடாவாயினும் ஆரையம்பதியாயினும் இக்காட்சிக்கு வேறுபாடில்லை. வளவு கூட்டிய பெண்கள் மாவிலை, பலாவிலை, ஈரப்பலாவிலை, தென்னஞ்சருகு ஆகியவற்றை ஒரு மூலையிலே குவித்துத் தீ மூட்டிவிடுவர். நுளம்புக்கும் நல்லது என்பது அதற்குச் சொல்லப்படும் நியாயம். அதே வளவின் மற்றொரு மூலையிலே மலக்குழி இருக்கின்றது. மாரி பிறந்து வாவி பெருகும் நாட்களில் அது நிரம்பிவிடும். பவுசர் வரும், தடித்த குழாயை இறக்கி உறிஞ்சிக்கொண்டு போகும். நாம் பணத்தைக் கொடுத்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விடுவோம்.

வீட்டிலிருந்து புறப்படும் இவ்விரண்டு பொருள்களுள் ஒன்றைக் காற்றுக்கும் மற்றொன்றை அறியாத இடத்துக்கும் அனுப்பிவிட்டு, வாழைக்கும் கத்தரிக்கும் போட உரம் தேடிக் கடைக்குப் போகின்ற விந்தையைப் பற்றியே இங்கு சிறிது எழுத எண்ணினோம். பொருள் அருவருப்பானதுதான். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையைக் காலைத் தேநீரோடு விரிப்பவர்கள் தேநீரை முடித்துவிட்டுத் தொடர்ந்து படிப்பது நலம்.

எம்மூரின் நில அமைப்பை அறியாதார்க்கு ஒரு வார்த்தை. கடலுக்கும் வாவிக்கும் இடையே நீண்டு கிடக்கும் மணற்றிட்டு எழுவான்கரை. ஞாயிறு எழும் கரை என்பதால் அதற்கு அப்பெயர். வாவிக்கு மேற்கே ஞாயிறு படும் கரை படுவான்கரை. வாவியோ 50 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட நீளமுடையது. எழுவான்கரையிலே சனம் நெருங்கி வாழ்கின்றது; படுவான்கரையிலே வயல் பரந்து கிடக்கின்றது. உண்பவர் ஒரு கரையில் மிகுதி, விளைவிப்பவர் மறுகரையில் மிகுதி என்று சொன்னால் பெரும்பாலும் பிழையாகாது. நெல் மேற்கிலிருந்து கிழக்கே வருகின்றது. மேற்கே திரும்பிப் போவது ஒன்றுமில்லை. போக வேண்டியது எழுவான்கரை மணலுக்குள் இறங்கிவிடுகின்றது.

இறங்குவது எங்கே என்பதை எண்ணினால் நெஞ்சு திடுக்கிடும். எம் கரையிலே சில அடி தோண்டினாலே நீர் ஊறும். பத்துப் பேர்ச் காணியிலே வீடு போக எஞ்சிய இடத்தில் ஒரு புறம் கிணறும் மறு புறம் மலக்குழியும் அமைந்துள்ளன. மணல் கண்ணுக்குத் தெரியும் அழுக்கை வடிக்கும். கண்ணுக்குத் தெரியாத நைத்திரேற்றை அது தடுத்து நிறுத்துவதில்லை. மாரியிலே நிலத்து நீர் மேலெழும்போது கிணறும் குழியும் அயலவராகி விடுகின்றன. குழாய்நீர் வந்த பின்னர் குடிப்பதற்குக் கிணற்றை நாடுவது குறைந்தது உண்மையே. ஆயினும் குளிப்பதும் துவைப்பதும் பிள்ளைகள் வாய் கொப்பளிப்பதும் இன்னமும் அந்நீரிலே நடைபெறுகின்றன.

ஒருமுறை எமது வீட்டுக்கு வந்த பவுசரின் உதவியாளரிடம், "தம்பி, இதை எங்கே கொண்டுபோய் ஊற்றுகிறீர்கள்?" என்று வினவினோம். அவர் குழாயைச் சுருட்டியவாறே சிரித்தார். "சேர், காசும் தந்தாச்சு, மணமும் போயிட்டு. இனி அது உங்கட இல்ல" என்றார்.

நகரத்து மக்கள் அனைவரதும் மனநிலையை இவ்வளவு சுருக்கமாக வேறெவரும் எமக்குச் சொன்னதில்லை.

வேறு நாடுகளில் என்ன செய்கின்றார்கள் என்று பார்த்தபோது ஒரு செய்தி எம்மைக் கவர்ந்தது. ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் நகராட்சிகள் பல, வீட்டு வளவுகளிலிருந்து சேரும் இலைகுழைகளையும், கழிவுநீரைச் சுத்திகரித்த பின் அடியிலே தங்கும் சேற்றையும் ஒன்றாகக் கலந்து எருவாக்குகின்றன. தனித்தனியே வைத்தால் இரண்டும் தொல்லை. சேறு மட்டும் என்றால் அது நனைந்து இறுகிக் காற்றுப் புகாமல் நாறும். இலை மட்டும் என்றால் அது ஓராண்டானாலும் உக்காமல் கிடக்கும். நுண்ணுயிர்களுக்கு 25 முதல் 30 பங்கு காபனுக்கு ஒரு பங்கு நைதரசன் என்ற அளவிலே உணவு வேண்டும். சேற்றிலே அந்த விகிதம் பத்துக்கும் குறைவாக இருப்பது வழக்கம். காய்ந்த இலையிலே அது ஐம்பதையும் தாண்டும். சோறு ஓரிடத்திலும் கறி ஓரிடத்திலும் இருந்தால் பசி எப்படித் தீரும்? இரண்டையும் ஓரிலையிலே இட வேண்டும் அல்லவா? ஒரு பங்கு சேற்றுக்கு இரண்டு மூன்று பங்கு இலையும் மரச்சீவலும் என்பது பொதுவான கணக்கு. மரச்சீவல் உணவாவதைக் காட்டிலும், குவியலுக்குள்ளே காற்றுக்கு வழிவிடுவதனாலேயே மிகவும் பயன்படுகின்றது.

கலந்ததை நீண்ட வரம்பு போலக் குவித்து வைப்பர். ஓரிரு நாட்களிலே அது சூடேறத் தொடங்கும். நெருப்பில்லை, அடுப்பில்லை, கோடானுகோடி நுண்ணுயிர்கள் உண்டு மூச்சுவிடுவதனால் எழும் சூடு அது. 55 பாகை செல்சியசைத் தாண்டி அது சில நாட்கள் நிலைத்தால் வயிற்றுப்போக்கைத் தரும் பற்றீரியாக்களும், எளிதில் மடியாத வட்டப்புழுவின் முட்டைகளும் மடிந்துபோகும். ஆனால் குவியலின் உள்ளே கொதித்தாலும் தோல் குளிர்ந்தே இருக்கும். அத்தோலிலே ஒட்டியிருக்கும் முட்டைக்கு ஒன்றும் ஆகாது. ஆதலின் புறத்தது அகமாகவும் அகத்தது புறமாகவும் மாறவேண்டும். (அகமும் புறமும் தமிழாசிரியர்க்கே உரியவை என்று எண்ணியிருந்த எமது சக ஆசிரியர் ஒருவர் இதைக் கேட்டு நகைத்தார்.) அமெரிக்க மத்திய அரசு 1993 ஆம் ஆண்டு வகுத்த விதியிலே, இவ்வாறு நீளக் குவிக்கப்படும் எரு 15 நாட்களுக்குக் குறையாமல் 55 பாகை அல்லது அதற்கு மேற்பட்ட சூட்டில் இருக்க வேண்டும் என்றும், அக்காலத்துள் குறைந்தது 5 முறை புரட்டப்பட வேண்டும் என்றும் கூறப்பட்டுள்ளது. அவ்விதிப்படி செய்த எருவையே பொதுமக்கள் தோட்டத்துக்கு வழங்கலாம்.

புரட்டுவதற்கென்றே பொறிகள் உள்ளன. குவியலின் இருபுறமும் கால்களை ஊன்றி, அதனைத் தன் வயிற்றின் கீழே விட்டுக்கொண்டு, ஒரு பெரிய யானை நடப்பதுபோல அப்பொறி மெல்ல நடக்கின்றது. வயிற்றினுள்ளே பற்கள் பதித்த உருளையொன்று வேகமாகச் சுழல்கின்றது. முன்னாலே உள்ள குவியல் உருளையில் அடிபட்டுச் சிதறி, காற்றை வாங்கிக்கொண்டு, பின்னாலே மறுபடியும் குவியலாக விழுகின்றது. வெண்ணிற நீராவி மேலெழுகின்றது. சாரதியோ உயரத்திலே கண்ணாடிக் கூட்டுக்குள் அமர்ந்திருக்கிறார். ரெக்சாஸ் மாநிலத்திலே பிளெச்சர் சிம்ஸ் என்பவர் ஆக்கிய இத்தகைய பொறிக்கு ஸ்கேரப் என்று பெயர். ஸ்கேரப் என்றால் சாணத்தை உருட்டிச் செல்லும் வண்டு! பீவண்டு என்று சொல்லி நாம் காலால் தள்ளிவிடும் அச்சிற்றுயிரின் பெயரைப் பெருமையோடு ஒரு பெரும் பொறிக்குச் சூட்டிய மனிதரை எமக்குப் பிடித்துப்போயிற்று.

பெரிதாய்ச் செய்தால் எல்லாம் நிலைத்துவிடும் என்பதுமில்லை. கனடாவின் எட்மன்ரன் நகரிலே 2000 ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட மாபெரும் எருக்கூடம், வீட்டுக் குப்பையையும் கழிவுச் சேற்றையும் ஒருங்கே எருவாக்கி உலகெங்கும் பெயர்பெற்றது. அதன் கூரை பழுதுற்றமையால் 2019 இல் அது மூடப்பட்டது. எருவிலிருந்து எழும் ஈரமும் அமிலக் காற்றும் இரும்பைத் தின்னவல்லவை. எமது நாட்டிலே கிடுகுக் கொட்டிலே போதும் என்பார்க்கு இஃது ஓர் ஆறுதல்.

இவற்றையெல்லாம் கரும்பலகையிலே எழுதிக் காட்டினால் மாணவர் கொட்டாவி விடுவர். ஆகையால் கல்லூரியின் பின்வளவிலே ஒரு குவியல் செய்தோம். மலக்கழிவை நாம் தொடவில்லை. அதற்கு வேண்டிய வசதியும் அநுமதியும் ஒரு பாடசாலைக்கு இல்லை. அதற்குப் பதிலாகப் பட்டிமாட்டுச் சாணத்தைச் சேர்த்துக்கொண்டோம். கல்லூரி வளவின் வேப்பிலையும் மாவிலையும் போதாமையால், வாவியோரத்து மீனவர் வலையிற் சிக்கிக் கரையிலே இழுத்துப் போட்டிருந்த ஆற்றுவாழையையும் அள்ளிவந்தோம். அழகிய ஊதாப் பூவுக்காக இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டு, 1909 ஆம் ஆண்டிலேயே அதனைத் தடுப்பதற்கெனச் சட்டமியற்றும் அளவுக்குப் பரவிய செடி அது. சட்டம் இருக்கின்றது, செடியும் இருக்கின்றது.

ஆளுயரமில்லை, இடுப்புயரமே குவியல். மூன்றாம் நாள் வெப்பமானியைச் செருகியபோது 50 பாகையைக் கடந்திருந்தது. ஐந்தாம் நாள் 60 ஐ அண்மித்தது. கையை உள்ளே விட்ட மாணவனொருவன் "ஐயோ" என்று இழுத்துக்கொண்டான். அன்று அவர்கள் முகத்திலே கண்ட வியப்பை எந்தப் பாடநூலும் எமக்குத் தந்ததில்லை. பின்னர்ப் புரட்டும் நாள் வந்தது. பதினைந்து மாணவர் மண்வெட்டியோடு ஒன்றரை மணிநேரம் வியர்த்தனர். இடுப்புயரக் குவியலுக்கே இந்தப் பாடு என்றால், நாளொன்றுக்குப் பல லொறிகளிலே குப்பை வந்து இறங்கும் நகரத்துக்கு எத்தனை கைகள் வேண்டும் என்று கணக்கிடச் சொன்னோம்.

அவ்வேளையிலே பின்வரிசை மாணவனொருவன் எழுந்தான். அவனுடைய தகப்பனாரும் பாட்டனாரும் நகர சுத்திகரிப்புத் தொழிலிலே ஈடுபட்டவர்கள் என்பதை வகுப்பு அறியும். "சேர், இது மாட்டுச் சாணம். எல்லாரும் புரட்டினம். மற்றதைப் போட்டா யார் சேர் புரட்டுற?" என்று கேட்டான்.

வகுப்பு அமைதியாயிற்று. கேள்வி தமக்கானதன்று என்று காட்டிக்கொள்வதற்காகச் சிலர் கொப்பியைப் புரட்டினர். விடையைத் தேடி நாம் சில நாட்கள் நூல்களைப் புரட்டினோம்.

கூட்டெருவின் வரலாற்றிலே பெரும்பெயர் பெற்றது இந்தூர் முறை. ஆல்பர்ட் ஹவார்ட் என்னும் ஆங்கில விஞ்ஞானி 1924 முதல் 1931 வரை இந்தூரிலே யஷ்வந்த் வாட் என்பாரோடு சேர்ந்து அதனை வகுத்தார். குழியிலே பயிர்க்கழிவையும் சாணத்தையும் அடுக்கி, குறித்த இடைவெளிகளில் மூன்று முறை புரட்ட வேண்டும் என்பது அம்முறை. சீனத்துக் குடியானவர்களின் எருவாக்கத்தைப் பற்றி அமெரிக்கராகிய கிங் என்பவர் 1911 இலே வெளியிட்ட நூல் ஹவார்டுக்கு வழிகாட்டியது. அந்நூலிலே ஒரு செய்தி உண்டு. ஷங்காய் நகரின் அயல்நாட்டார் குடியிருப்பிலே மலக்கழிவை அள்ளிச் செல்லும் உரிமையை 1908 ஆம் ஆண்டு ஒரு சீன ஒப்பந்தக்காரர் 31,000 தங்க டொலருக்கு மேல் கொடுத்து வாங்கினார் என்பதே அது. நாம் பணம் கொடுத்து அகற்றுவதை அவர் பணம் கொடுத்துப் பெற்றார்!

இந்தூர் முறை நகரங்களுக்குச் சென்றபோதுதான் இடர் எழுந்தது. சாணத்தின் இடத்திலே மனிதமலம் வந்தவுடன் புரட்டும் கை தயங்கிற்று. பெங்களூரிலே ஆசார்யா என்பவர் 1939 இலே வேறொரு முறையை வகுத்தார். அகழிகளிலே நகரக் குப்பையையும் மலத்தையும் மாறிமாறிப் பரப்பி, மண்ணால் மூடி, பல மாதங்கள் புரட்டாமலே விட்டுவிடுவது அது. இந்திய நகரங்கள் பலவும் அதனைக் கைக்கொண்டன. நைதரசன் வீணாகாது, கூலி குறையும், ஈ மொய்க்காது என்றெல்லாம் அதன் நன்மைகள் கூறப்படுகின்றன. புரட்ட வேண்டாம் என்பதே எல்லாவற்றிலும் பெரிய நன்மை என்று எமக்குத் தோன்றுகின்றது. ஆனால் அகழியை நிரப்பியது யார்? மலத்தை வீடுவீடாக அள்ளிவந்தது யார்? அந்தக் கைகளைப் பற்றி முறையின் விளக்கத்திலே ஒன்றும் இல்லை.

எமது நாட்டின் நகரங்களிலும் ஆங்கிலேயர் காலத்திலே வாளி மலசலகூடங்கள் இருந்தன. அவற்றைத் துப்புரவு செய்யவென்று தமிழகத்திலிருந்து குடும்பம் குடும்பமாகத் தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். எமது அம்மம்மா சொல்லுவார்: விடியுமுன் பின்னொழுங்கையிலே வண்டிச் சில்லின் சத்தம் கேட்கும், நாய் குரைக்காது, ஏனென்றால் அதற்கு அந்த மனிதரைத் தெரியும். பல ஆண்டுகள் வந்து போனவர். "அவருடைய பெயர் என்ன?" என்று நாம் கேட்டபோது அம்மம்மா சிறிது யோசித்தார். நாய்க்கு என்ன பெயர் என்பது அவருக்கு நினைவிருந்தது.

வாளிகள் ஒழிந்தன, பவுசர் வந்தது. இந்தியாவிலே மனிதர் மலத்தைக் கையால் அள்ளுவதைத் தடுக்க 1993 இலும் பின்னர் 2013 இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. எனினும் தொழிலை மாற்றிய அளவுக்கு நாம் எண்ணத்தை மாற்றவில்லை. ஆதலால் அம்மாணவனின் கேள்வியை நாம் இப்படி எடுத்துக்கொள்கிறோம்: புரட்டுப் பொறியின் பெருமை அது மணிக்கு எத்தனை தொன் புரட்டுகின்றது என்பதிலே இல்லை. மனிதன் ஒருவன் முழங்கால் வரை நின்று செய்ய வேண்டிய வேலையை அது தன் பற்களால் செய்கின்றது. அதை ஓட்டுபவர் சாரதி என்று அழைக்கப்படுகின்றார். ஒரு சாரதியின் மகனை வகுப்பிலே எவரும் ஓரக்கண்ணால் பார்ப்பதில்லை.

பொறி வாங்கினால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நாம் சொல்ல வரவில்லை. 2008 ஆம் ஆண்டிலே மத்திய சுற்றாடல் அதிகார சபை 'பிலிசரு' என்னும் திட்டத்தைத் தொடங்கி, நாடெங்கும் நூற்றுக்கும் மேற்பட்ட எருவாக்க நிலையங்கள் அமைய உதவிற்று. நாட்டின் நகரக் குப்பையிலே பாதிக்கு மேற்பட்டது உக்கக்கூடியது ஆதலின் எண்ணம் சரியானதே. ஆனால் கலந்து வரும் குப்பையிலிருந்து கண்ணாடியையும் பிளாஸ்ரிக்கையும் பொறுக்கி எடுப்பது எளிதில் ஆகாத காரியம். நாம் பார்வையிட்ட ஓர் ஊரிலே பெண்கள் இருவர் கையுறையுமின்றி அதைச் செய்துகொண்டிருந்தனர். வீட்டிலே இரண்டு வாளி வைத்துப் பிரித்துக் கொடுத்தால் அவர்கள் கை பிழைக்கும். அப்படிச் செய்யாத வீட்டார் பொறியைப் பற்றிப் பேசுவது வீண்.

பிரிக்காமற் குவித்ததன் முடிவை நாடு ஒருமுறை கண்டது. 2017 ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டு நாளாகிய ஏப்ரல் 14 ஆந் திகதி கொழும்பு மீதொட்டமுல்லையிலே குப்பைமலை சரிந்து, முப்பதுக்கும் மேற்பட்டோர் தத்தம் வீடுகளுக்குள்ளேயே புதையுண்டு மாண்டனர். எமது மாநகர எல்லைக்குள்ளும் திருப்பெருந்துறையிலே குப்பை கொட்டப்பட்டு வந்ததையும், அயலவர்கள் அதனை எதிர்த்துக் குரலெழுப்பியதையும் இவ்வூரார் அறிவர். மணிவாசகர் ஆட்கொள்ளப்பட்ட தலத்தின் திருப்பெயரைத் தாங்கிய இடம் குப்பைமேட்டின் பெயராகப் பேசப்பட்டது எம் போன்ற சைவர்க்குக் கூடுதலான வருத்தம். போர் முடிந்த பின்னர் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு ஏறாவூர்ப்பற்றிலுள்ள கொடுவாமடுவிலே முறையாக அமைந்த குப்பை நிரப்பிடம் கட்டப்பட்டது. அது நல்ல காரியம். என்றாலும் நிரப்பிடம் என்பது ஒரு குழிதான். உக்கக்கூடியதை அதற்குள் போடப்போட அதன் ஆயுள் குறையும்.

மலக்கழிவையும் சேர்த்துச் செய்து காட்டிய ஊர் நம் நாட்டிலேயே உண்டு. சப்பிரகமுவ மாகாணத்துப் பலாங்கொடை நகரசபை, வீட்டுக் குப்பையையும் பவுசர் கொண்டுவரும் மலக்கழிவையும் ஒருங்கே கையாண்டு எருவாக்கி விற்று வந்தது. சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தின் ஆய்வாளர் அதனை ஆராய்ந்து எழுதியுள்ளனர். பெங்களூருக்கு அருகே தேவனஹள்ளி என்னும் சிறு நகரிலே 2015 இலே மலக்கழிவுச் சுத்திகரிப்பு நிலையம் அமைந்தது; உலர்த்திய சேற்றை நகரக் குப்பையோடு கூட்டி எருவாக்குவதை அங்கும் மேற்கொண்டனர். பெரிய நகரங்கள் தயங்கும்போது சிறு நகரங்கள் துணிந்திருக்கின்றன என்பதை வாசகர் கவனிக்கவேண்டும். மட்டக்களப்பும் சிறு நகரமே.

அபாயத்தை மறைப்பது ஆசிரியர்க்கு அழகன்று. சூடு கிருமியைக் கொல்லும். ஈயத்தையும் கட்மியத்தையும் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. தொழிற்சாலைக் கழிவு சாக்கடையிலே கலக்கும் நாடுகளில் இது பெருங்கவலை. எண்ணெய் ஒட்டாத சட்டி முதலியவற்றின் ஆக்கத்தில் பயன்படும், எளிதில் சிதையாத புளோரின் சேர்ந்த இரசாயனங்கள் கழிவுச் சேற்றின் வழியாக வயல்களுக்குச் சென்றதைக் கண்டு, அமெரிக்காவின் மெயின் மாநிலம் 2022 ஆம் ஆண்டு சேற்றை நிலத்தில் இடுவதையே தடை செய்துவிட்டது. அதனால் செய்த எருவும் அத்தடைக்குள் அடங்கும். எம்மூரின் மலக்குழிகளிலே தொழிற்சாலைக் கழிவு சேர்வது அரிது. அஃது எமக்கு வாய்த்த நற்பேறு. எனினும் ஒவ்வொரு தொகுதி எருவையும் சோதித்த பின்னரே வெளியே விடவேண்டும். கூட்டெருவுக்கென இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் 2003 இலே நியமமொன்றை வெளியிட்டிருக்கின்றது. அளவுகோல் இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. முதலிலே தென்னைக்கும் தேக்குக்கும் இட்டுப் பார்க்கலாம்; பச்சையாக உண்ணும் வல்லாரைக்கும் பொன்னாங்காணிக்கும் இடவேண்டாம்.

இனி வயற்காரரின் பக்கம். 2021 ஆம் ஆண்டு மே மாதத்திலே இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. நவம்பரிலே அத்தடை தளர்த்தப்பட்டது. இடையிலே பெரும்போகம் வந்து நின்றது. மண்டூரிலே வயல் செய்யும் எமது மைத்துனர் அந்நாட்களிலே கூட்டெரு தேடி அலைந்தார். குருமண்வெளியிலே பாதையேறி வாவியைக் கடந்து அவரிடம் சென்றபோது, வாங்கிய மூட்டையொன்றை அவிழ்த்துக் காட்டினார். உள்ளே சோடாப் போத்தல் மூடியும் உடைந்த கண்ணாடியும் பால்மாப் பையின் துண்டுகளும் கிடந்தன. "மச்சான், இதை வயலுக்க போட்டா நாத்து நடுற பொம்புளையள்ட கால் என்னாகும்?" என்று கேட்டார். சேதனப் பசளையின் மேல் அன்று விழுந்த கெட்ட பெயர் இன்னும் நீங்கவில்லை. பாவம், பசளையின் பிழையன்று. பிரிக்காமல் அவசரத்திலே அரைத்து மூட்டையிலே கட்டியவர்களின் பிழை.

மலக்கழிவு சேர்ந்த எருவைப் பற்றி அவரிடம் மெல்லக் கூறினோம். முகத்தைச் சுளித்தார். மண்டூர் முருகனுக்கு முதற்கதிர் கொண்டுபோகும் கை அவருடையது. "சாமிக்குப் படைக்கிற நெல்லுக்கா?" என்றார். அவரைப் பழமைவாதி என்று தள்ளிவிட எமக்கு மனமில்லை. சுத்தம் பற்றிய உணர்வு இல்லாத மக்கள் கூட்டம் தன் கிணற்றையும் காக்கமாட்டாது. ஆனால் அதே வயலிலே பட்டிமாடு இடும் சாணத்தை அவர் புனிதமென்றே கொள்கிறார். மீன் செதிலும் குடலும் தென்னையடியிலே புதைபடுவதை ஒப்புகிறார். எது அசுத்தம், எந்த நிலையிலே அசுத்தம், எப்போது அது மண்ணாகின்றது என்பவற்றை அவர் அறியாதவரல்லர். நாம் கொண்டுசென்ற கல்லூரிக் குவியலின் எருவைக் கையிலே எடுத்து மோந்தார். காட்டு மண் மணம். "இதிலயும் அது இருக்கா?" என்றார். இல்லை, சாணமும் ஆற்றுவாழையுந்தான் என்றோம். இருந்தால் வேறு மணம் மணக்குமா என்று அவர் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை. இரண்டு மூட்டை கேட்டு வாங்கிக்கொண்டார்.

வள்ளுவரும் உழவு அதிகாரத்திலே ஒரு குறளில் நன்றாக உணக்கிய புழுதிக்குப் பிடியளவு எருவும் வேண்டாம் என்றுவிட்டு, அடுத்த குறளிலேயே ஏர் உழுவதிலும் எருவிடுதல் நன்று என்கிறார். இம்முரணை மாணவர்கள் தமிழாசிரியரிடம் கேட்டு அவரைத் திணறச் செய்வதுண்டு. படுவான்கரையின் களிமண்ணையும் எழுவான்கரையின் மணலையும் ஒருங்கே பார்த்தவர்க்கு அது முரணாகத் தோன்றாது. எருவில்லாமல் எமது மணலிலே கீரையும் வளராது. மேற்குக் கரையிலோ உழவு நன்றாக அமைந்தால் மண் தானே சிறிது கொடுக்கும்.

பொறியின் விலைதான் எஞ்சிய தடை. யானைபோல் நடக்கும் அந்தப் பெரும்பொறியை வாங்க எமது நகரத்தால் இயலாது, வேண்டியதுமில்லை. நாட்டின் எருவாக்க நிலையங்கள் சிலவற்றிலே முன்வாளியுள்ள பாரப்பொறியைக் கொண்டு குவியலை அள்ளித் திரும்பக் கொட்டுகிறார்கள். அகமும் புறமும் ஓரளவு மாறும், கட்டிகள் உடையா. பின்வரிசையிலே எழுந்து கேட்ட அம்மாணவன் இதற்கு வேறொரு வழியை வரைந்து கொண்டுவந்திருக்கிறான். வயலிலே சேறடிக்கும் இருசில்லு உழவு இயந்திரத்தின் பின்னாலே சுழலும் கத்திகள் உண்டல்லவா? அவற்றின் இரும்புக் காப்பை உயர்த்தி, கத்திகளுக்குப் பதிலாக நீண்ட பற்களைப் பூட்டி, குவியலை இடுப்புயரத்துக்கு மிகாமல் ஒடுக்கமாக இட்டால் அதன் ஒரு பக்கத்தைச் சீவிச் சீவிப் புரட்டிக்கொண்டே போகலாம் என்பது அவன் கணக்கு. ஓட்டுபவர் பக்கத்திலே நடந்துவந்தாற் போதும், கை படாது. பற்களின் நீளம், சுழற்சி வேகம், சில்லு புதையாதிருக்க வேண்டிய இடைவெளி எல்லாவற்றையும் பென்சிலால் குறித்திருக்கிறான். ஈரமான தென்னோலை அச்சிலே சுற்றிக்கொண்டால் என்ன செய்வது என்று மட்டும் அவனுக்கு விளங்கவில்லை, எமக்கும் விளங்கவில்லை. தவணை விடுமுறைக்கு மண்டூரிலிருந்து மைத்துனரின் இயந்திரம் வருகின்றது. ஓலையை முன்கூட்டியே கொத்திப் போடுவதா, அச்சுக்கு ஒரு தகடு மூடுவதா என்பதை அன்று குவியலின் அருகிலே வைத்துப் பார்க்க வேண்டும்.